பாஸ்வேர்டு மாத்தின மத்தியானம்

வாங்க தம்பி, சாவி எங்கிட்டத்தான் இருக்கு. ஓனர் திருப்பூர்ல இருக்காரு. வீடு கேட்டு யாரு போன் போட்டாலும் பக்கத்து வீட்டு ஜெயக்கொடியைப் பாருங்கன்னு சொல்லிருவாரு. பாத்துட்டீங்கல்ல, ரெண்டு ரூம்பு, ஒரு அடுப்படி, பின்னாடி குளிக்கிற இடம். அவ்வளவுதான் வீடு. நம்ம வீட்டுல வந்து உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், அது ஆடும். இதுல உக்காருங்க.

ஒண்ணு கேக்கணும் உங்ககிட்ட. வீடு பாக்க வர்றவுக எல்லாரும் முதல்ல தண்ணி எப்ப வரும்னுதான் கேப்பாக. இந்த ஒரு மாசத்துல ஆறு பேரு வந்துட்டாக, ஆறு பேரும் அதைத்தான் கேட்டாக. நீங்க மட்டும் உள்ள நுழைஞ்சதும் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, இங்க நெட்டு எப்படின்னு கேக்குறீங்க. வீட்டுல இருந்தே வேலைங்கிறீங்க. என்ன வேலை தம்பி? கம்ப்யூட்டர்ல என்ன? சரி, சரி, சொல்ல இஷ்டம் இல்லைன்னா விடுங்க. சும்மா கேட்டேன். அந்தப் போனை மட்டும் கொஞ்சம் கவுத்தி வச்சிருங்க. கேமரா என்னையே பாத்துக்கிட்டிருக்கு.

நெட்டு வரும். வராம என்ன. டவர்தான் கிடைக்காது. ஒரு புள்ளி நிக்கும், ஒரு புள்ளி போகும். அதனால அவுகவுக வீட்டுக்கு வயர் இழுத்து வைஃபை வச்சுக்கிறாக. வயர் இழுக்கத் தெருவைத் தோண்டுனாக. அதுக்கு முன்னாடி சாக்கடைக் குழாய்க்குத் தோண்டுனாக. அதை மூடி ரோடு போட்ட பத்தாம் நாள் வயர்காரன் வந்துட்டான். ரெண்டையும் ஒண்ணாத் தோண்டுனா என்னன்னு கேட்டேன். அது வேற காண்டிராக்டு, இது வேற காண்டிராக்டுங்கிறாக. அதுல ஏதோ இருக்கு தம்பி. சும்மா எவனாச்சும் போட்ட ரோட்டைத் தோண்டுவானா.

நான் விடமாட்டேன். நகராட்சில புகார் பண்றதுக்குன்னு போன்ல ஒரு ஆப் விட்டிருக்காகல்ல, அது வந்த நாள்ல இருந்து நாப்பத்தி மூணு புகார் போட்டிருக்கேன். லைட்டு எரியலன்னு, நாய் விரட்டுதுன்னு, குப்பை வண்டி தெருமுனையோட திரும்பிப் போயிருதுன்னு. லைட்டுக்குப் போட்டேன்ல, அதுக்கு என்ன பண்ணுனாக தெரியுமா? எரியுற லைட்டு ஒண்ணைப் போட்டோ எடுத்துப் போட்டு, 'தீர்க்கப்பட்டது'ன்னு முடிச்சுட்டாக. அந்தப் போட்டோவைப் பெருசாக்கிப் பாத்தா பின்னாடி ஒரு பிள்ளையார் கோயில் தெரியுது. எங்க தெருவுல ஏது பிள்ளையார் கோயில்? அதுக்குத் தனியா ஒரு புகார் போட்டேன். கேக்க ஆள் இல்லைன்னா ஏறி மிதிச்சிருவாக.

உங்களுக்கு முன்னாடி இந்த வீட்டுல இருந்தது இந்திராணி. ஆறு வருசம் இருந்தா. மில்லுல வேலை. புருசன் இறந்துட்டாரு. ஒரே பொண்ணு, தர்ஷினின்னு பேரு. இந்திராணி என்னை மதினின்னு கூப்பிடுவா, அந்தப் பிள்ளை அத்தைங்கும். சொந்தம் ஒண்ணும் கிடையாது. சுவத்துக்குச் சுவர் இருந்தா அப்படித்தான.

எங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு இருந்துச்சு. நாங்க வீட்டைத் தரை உசத்திக் கட்டுனோம்ல, அதுல குழாயும் உசரப் போயிருச்சு. அந்த வீடு பழசு, குழாய் தரையோட கிடக்கு. எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணி, அதுவும் ஒரு மணி நேரம். அவ குழாய்ல கொட்டும், என் குழாய்ல காத்து வரும். அதனால தண்ணி விடுற அன்னைக்கு நான் எட்டுக் குடம் அவ வீட்டுல பிடிச்சுக்கிருவேன். பதிலுக்கு என் வைஃபை பாஸ்வேர்டு அவுகளுக்கு. எங்க வீட்டுக்காரர்தான் இதைச் சொன்னாரு. அவருக்கு எல்லாரும் நல்லவுக. அந்தப் பிள்ளைக்குப் போன் இருந்துச்சே தவிர அதுக்கு ரீசார்ஜெல்லாம் கிடையாது, எங்க நெட்டுலதான் ஓடுச்சு. சுவத்தைத் தாண்டி சரியா வரலைன்னா எங்க அடுப்படிப் பின்வாசல் படில வந்து உக்காந்துக்கும். பிளஸ் டூ பூரா அந்தப் படில உக்காந்துதான் படிச்சுச்சு. நானும் ஒண்ணும் சொன்னதில்ல. காப்பி போட்டா ஒரு தம்ளர் குடுப்பேன்.

சித்திரைல நான் ஒரு மோட்டார் வாங்கிக் குழாய்ல மாட்டுனேன். என்ன தம்பி பாக்குறீங்க? குழாய்ல நேரா மோட்டார் போடக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, தெரியும். இந்தத் தெருவுல பதினோரு வீட்டுல இருக்கு. நான் எண்ணியிருக்கேன். பதினோரு பேரு உறிஞ்சுனா பன்னெண்டாவது ஆளு கையைக் கட்டிக்கிட்டு இருக்கணுமா? தண்ணி விடும்போது ஓட்டுவேன், முடிஞ்சதும் பெரிய பிளாஸ்டிக் பேசினைக் கவுத்தி மோட்டாரை மூடி வச்சிருவேன். யாருக்கும் தெரியாது.

அதுக்கப்புறம் இந்திராணி குழாய்ல வரத்து குறைஞ்சு போச்சாம். எங்கிட்டச் சொல்லல. தெருமுனைத் தொட்டிக்குக் குடத்தைத் தூக்கிக்கிட்டுப் போவா, வருவா. எதிர்ல பாத்தா, சாப்டீங்களா மதினின்னு சிரிப்பா. எனக்கு அந்தச் சிரிப்புதான் உறுத்துச்சு. வந்து நாலு வார்த்தை சத்தம் போட்டுட்டுப் போனா, சரி, மனசுல உள்ளது அவ்வளவுதான்னு நாமளும் நிம்மதியா இருக்கலாம். ஒண்ணும் சொல்லாதவ மனசுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? ஆனா நான் பாஸ்வேர்டை நிறுத்தல. அவ தண்ணி எனக்கு வேண்டாம்னு ஆன பிறகும் நிறுத்தல. அதை நீங்க கவனிக்கணும்.

ஆடி மாசம் நடந்தது இது. அந்தப் பிள்ளை நல்ல மார்க்கு. நர்சிங்குக்கு எழுதிப் போட்டிருந்துச்சு. ஒரு நாள் காலைல ஓடி வந்து, அத்தை, எனக்குக் கவர்மெண்டு காலேஜ்ல சீட்டு வந்திருச்சுன்னு போனைக் காட்டுச்சு. சந்தோசமாத்தான் இருந்துச்சு எனக்கு. சீனி எடுத்து வாயில போட்டேன். அந்தச் சீட்டை ஒத்துக்கிறேன்னு மறுநாள் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள நெட்டுலயே பதில் குடுக்கணுமாம். குடுக்கலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிருமாம். சிவகாசில இருக்குற தாய்மாமன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுப்போம்னு இந்திராணி சொல்லிட்டா. எந்த நல்லதுன்னாலும் தாய்மாமன்கிட்டக் கேக்காம செய்ய மாட்டாக அவுக. மாமன் மறுநாள் மத்தியானம்தான் சரின்னு சொல்லியிருக்காரு.

அந்த மறுநாள்தான் தம்பி எனக்கு இடி விழுந்துச்சு. காலைல பதினோரு மணி இருக்கும். நகராட்சில இருந்து மூணு பேரு வண்டில வந்து இறங்குனாக. நேரா எங்க வீட்டுக்குள்ள வந்து, பின்னாடி போயி, பேசினை எடுத்துட்டு மோட்டாரைக் கழட்டுறாக. பதினோரு வீட்டை விட்டுட்டு என் வீடு மட்டும். தெருவே கூடி வேடிக்கை பாக்குது. வெக்கமாப் போச்சு எனக்கு. யாருய்யா சொன்னதுன்னு கேட்டேன். புகார் வந்திருக்கும்மான்னு அவன் போனைக் காட்டுறான். அதுல என் மோட்டாரோட போட்டோ. பேசின் இல்லாம, ஓடிக்கிட்டு இருக்கும்போது எடுத்தது. எங்க வீட்டுக்குள்ள நின்னு எடுத்திருக்காக தம்பி. அந்தப் பின்வாசல் படிக்கிட்ட இருந்து.

அந்தப் படில யாரு உக்காருவா? கைல போனோட யாரு உக்காருவா? எனக்கு ரெண்டு தடவை யோசிக்க வேண்டியிருக்கல. ஆத்தாக்காரி தண்ணி வரலங்குற வயித்தெரிச்சல்ல மகளை விட்டு எடுக்கச் சொல்லியிருக்கா. என்ன நெஞ்சழுத்தம் பாருங்க. அந்தப் போட்டோவோட ஓரத்துல என் கால் விரலும் மெட்டியும் தெரியுது. நான் பக்கத்துல நிக்கும்போதே எடுத்திருக்கு. எனக்குத் தெரியல பாருங்க.

இதுல இன்னொரு கொடுமை. பத்து நாளைக்கு முன்னாடி நானும் ஒரு புகார் போட்டிருந்தேன், மோட்டார் போட்டும் குழாய்ல தண்ணி நூலாட்டம் வருதுன்னு. மோட்டார்னு எழுதல, நான் என்ன கிறுக்கியா, தண்ணி வரலன்னு மட்டும் எழுதுனேன். போட்டோ இல்லாம அந்த ஆப் எடுத்துக்காது. அதனால குழாயை ஒரு போட்டோ எடுத்துப் போட்டேன். அந்தப் புகாருக்கு ஒரு நாயும் எட்டிப் பாக்கல. இவ புகாருக்கு மட்டும் வண்டி போட்டு வந்துட்டாக.

ரெண்டு மணிக்கு நெட்டுக்காரனுக்குப் போன் போட்டேன். என் பாஸ்வேர்டை மாத்துப்பான்னேன். ஏன்க்கா, யாரும் திருடுறாகளான்னு கேட்டான். ஆமா, திருடுறாகன்னு சொன்னேன். அங்க இருந்தே மாத்திக் குடுத்துட்டான். என் வீட்டு நெட்டு, நான் மாத்துறேன். அதுல என்ன தப்பு? நீங்களே சொல்லுங்க.

மூன்றரைக்குப் பிள்ளை வந்து கதவைத் தட்டுச்சு. மூஞ்சியெல்லாம் வேர்த்துப் போயி நிக்குது. அத்தை, நெட்டு வரல அத்தை, அஞ்சு மணிக்குள்ள சம்மதம் குடுக்கணும், ஒரு அஞ்சு நிமிசம் போதும்னுச்சு. காலைல என் வீட்டுல மோட்டாரைக் கழட்டிட்டுப் போனது தெருவுக்கே தெரியும். அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்குதா பாருங்க. தன் காரியம்தான். நான் வாசல்ல நின்னுக்கிட்டே, லைன் போயிருச்சும்மா, நெட்டுக்காரன்கிட்டச் சொல்லியிருக்கேன், எப்ப வருவானோ தெரியலன்னேன். சரி அத்தைன்னுச்சு. போயிருச்சு. அவ்வளவுதான் நடந்தது.

அப்புறம் நாலு வீட்டுல போயித் தட்டியிருக்கு. மத்தியானத்துல யாரு இருப்பா, எல்லாரும் வேலைக்குப் போயிருப்பாக. பஸ் ஸ்டாண்டுக்கிட்ட ஒரு நெட் சென்டர் இருக்கு. தெரு தோண்டிக் கிடந்ததுல ஆட்டோ உள்ள வரல. ஓடியே போயிருக்கு. அங்க ஒரே கூட்டம். எல்லாப் பிள்ளைகளும் இதுக்குத்தான் வந்து நிக்குது. இது முறை வந்து உக்காரும்போது அஞ்சு அஞ்சு. அஞ்சு நிமிசம்தான் லேட்டு. சீட்டு போச்சு.

என்னையக் கேட்டா, தப்பு இந்திராணி மேல. முதல் நாள் காலைல வந்த சீட்டை அப்பவே ஒத்துக்கிட்டிருந்தா முடிஞ்சு போச்சு. தாய்மாமனைக் கேக்கணும்னு யாரு சொன்னா? அப்புறம் நகராட்சி மேல தப்பு. ரோடு ஒழுங்கா இருந்திருந்தா ஆட்டோ வந்திருக்கும். டவர்காரன் மேல தப்பு. ஒரு வீட்டுல நெட்டு இல்லைன்னா ஒரு பிள்ளை படிப்பே போயிரும்னா அது என்ன ஏற்பாடு? இத்தனை பேரை விட்டுட்டு என்னைய மட்டும் எப்படிச் சொல்லலாம்?

யாரு சொன்னான்னு கேக்குறீங்களா? எங்க வீட்டுக்காரர். சாயங்காலம் ஆறு மணிக்கு வேலை விட்டு வந்தாரு. மோட்டார் போன கதையை அழுது அழுது சொன்னேன். இந்திராணி மகதான் போட்டோ எடுத்துப் புகார் போட்டிருக்கான்னு சொன்னேன். என் போனை வாங்கி அந்த ஆப்பைத் திறந்து ஏதோ தேடுனாரு. ரொம்ப நேரம் பாத்துட்டு என் கைல குடுத்தாரு. ஜெயக்கொடி, இது நீ போட்ட புகாருன்னாரு. தண்ணி வரலன்னு நான் போட்டேன்ல, அந்தப் புகாருக்குக் கீழ, 'ஆய்வு செய்யப்பட்டது, சட்டவிரோத மோட்டார் அகற்றப்பட்டது, தீர்க்கப்பட்டது'ன்னு எழுதியிருக்கு. அதுக்கு மேல அதே போட்டோ. குழாயை எடுக்கப்போயி பக்கத்துல ஓடிக்கிட்டிருந்த மோட்டாரையும் சேத்து எடுத்திருக்க, உன் காலு கூடத் தெரியுது பாருன்னாரு.

நான் ஒத்துக்கல தம்பி. எப்படி ஒத்துக்குவேன்? நான் எடுத்தது குழாயை. இதுல குழாய் ஓரத்துல கிடக்கு, மோட்டார்தான் நடுவுல இருக்கு. ஒருத்தர் வைஃபை பாஸ்வேர்டு தெரிஞ்சா அவுக போனுக்குள்ளயே புகுந்து என்ன வேணா மாத்தலாமாம். தெரு வாட்ஸப் குரூப்புல ஒரு வீடியோ வந்துச்சு, அதுல சொன்னாக. என் போட்டோவை எடுத்துட்டு இதை வச்சிருக்கலாம்ல? நான் எழுதுற மாதிரியே எழுதியிருக்கலாம்ல? நீங்க கம்ப்யூட்டர் வேலைதான பாக்குறீங்க. முடியுமா முடியாதா, நீங்க சொல்லுங்க.

ஏன் போனைக் கைல எடுக்குறீங்க? சரி. எங்க வீட்டுக்காரர் இப்ப வரைக்கும் அதைப் பத்திப் பேசுனதில்ல. சாப்பிடுறாரு, போறாரு, வர்றாரு. குடத்தைத் தூக்கிக்கிட்டு அவரே தெருமுனைத் தொட்டிக்குப் போயிருவாரு. நான் போறேன்னாலும் விடுறதில்ல.

அந்தப் பிள்ளை அழவே இல்லையாம். ஒரு வாரம் கழிச்சு சிவகாசிக்கு மாமன் வீட்டுக்குப் போயிருச்சு. அங்க ஒரு ஜவுளிக்கடைல நிக்குதாம். அடுத்த வருசம் மறுபடியும் எழுதிப் போடுமாம். மகளை விட்டுட்டு இருக்க முடியலன்னு இந்திராணியும் மில்லு வேலையை விட்டுட்டு அங்கயே போறேன்னுட்டா. போன மாசம் சாமானெல்லாம் வண்டில ஏத்திட்டுச் சாவியைக் குடுக்க வந்தா. வாசல்லயே நின்னா. உள்ள வான்னு கூப்பிட்டேன், வரல.

மதினி, ஒண்ணு கேக்கணும்னு ஆரம்பிச்சா. அன்னைக்குத் தர்ஷினி வந்து நிக்கும்போது உள்ள டிவில சீரியல் ஓடிக்கிட்டிருந்துச்சாமே. உங்க டிவி நெட்டுலதான ஓடும். அவளுக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. பெத்தவ எங்கிட்டயே இந்த வாரம்தான் சொன்னா, அத்தைகிட்டக் கேட்டுறாதம்மா, சங்கடப்படுவாகன்னும் சொன்னா. ஆனா கேக்காமப் போனா என் மனசு ஆறாது மதினி. எம்பிள்ளை மேல உங்களுக்கு என்ன கோவம்?

சத்தம் போட்டுக் கேக்கல தம்பி. சும்மா கேட்டா.

நான் என்னத்தைச் சொல்ல? டிவி கேபிள்ல ஓடுதா நெட்டுல ஓடுதான்னு அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும், எங்க வீட்டுக்குள்ள எது எப்படி இருக்குன்னு நோட்டம் பாத்து வச்சிருக்கான்னுதான அர்த்தம். அப்படித்தான் நினைச்சேன். வாய் வரைக்கும் வந்துச்சு. அந்தப் பிள்ளை எங்க வீட்டுல வளந்த பிள்ளை மாதிரிதான. தெரியாம எப்படி இருக்கும்? சாவியை வாங்கிக்கிட்டேன். அவ வண்டில ஏறிப் போயிட்டா.

இருங்க, போயிராதீங்க. வீடு உங்களுக்குப் பிடிக்கலைன்னா பரவால்ல, இதை மட்டும் கேட்டுட்டுப் போங்க. எங்க வீட்டுக்காரர்கிட்டக்கூட நான் சொன்னதில்ல. அவரு நம்ப மாட்டாரு. நீங்க நம்புவீங்களோ என்னவோ. அந்தப் பிள்ளை சீட்டைக் கெடுக்கணும்னு நான் நினைக்கல தம்பி. சத்தியமா நினைக்கல. மூன்றரைதான் ஆச்சு, அஞ்சு வரைக்கும் நேரம் கிடக்கு, ஒரு மணி நேரம் தவிக்கட்டும், அப்பத்தான் புத்தி வரும், நாலரைக்குக் கூப்பிட்டுக் குடுத்துருவோம்னுதான் இருந்தேன். டிவி முன்னாடி உக்காந்திருந்தேனே தவிர கண்ணு பூரா கடிகாரத்துலதான். டிவில போட்ட புதுப் பாஸ்வேர்டை மறந்துருவேன்னு காலண்டர் தாளைக் கிழிச்சு அதுல எழுதி வச்சிருந்தேன். நாலரை ஆனதும் அந்தத் தாளை எடுத்துக்கிட்டு அவுக வீட்டுக்குப் போனேன். பிள்ளையைக் கூப்பிட்டுக்கிட்டேதான் போனேன். கதவுல பூட்டுத் தொங்குது. இங்கிட்டுத்தான் எங்கயாச்சும் போயிருக்கும், இந்தா வந்துரும்னு தாளைக் கைல வச்சுக்கிட்டு நின்னேன். அஞ்சே கால் வரைக்கும் அங்கயேதான் நின்னேன்.